கன்சல் கையெழுத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத்தில் ஒரு வாடகை வீட்டுக்குள் உத்தரப் பிரதேச போலீஸின் சிறப்பு அதிரடிப் படை நுழைந்தது. வெளியே கொடிகள், தூதரக நம்பர் பிளேட் மாட்டிய நான்கு சொகுசு கார்கள். உள்ளே 44 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம், போலி முத்திரைகள், 'டிப்ளமேட்டிக் பாஸ்போர்ட்'கள். வெஸ்ட்ஆர்க்டிகா, சபோர்கா, பவுல்வியா, லோடோனியா என்ற, எந்த அரசும் ஏற்காத 'நாடுகளின்' தூதர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அங்கே குடியிருந்தார் என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கேள்விகள் வர ஆரம்பித்தன. அப்போது துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தூதர், கன்சல் ரெண்டும் ஒன்றுதானே?

இல்லை. தூதர் என்பவர் ஒரு அரசு இன்னொரு அரசோடு பேச அனுப்பும் ஆள். தலைநகரில் இருப்பார், அரசியல் பேசுவார். கன்சல் மக்கள் வேலைக்கு வருபவர். பாஸ்போர்ட், விசா, சான்றொப்பம், கப்பல் விவகாரம், சொந்த நாட்டுக்காரன் சிறைக்குப் போனால் போய்ப் பார்ப்பது, செத்துப்போனால் உடலையும் சொத்தையும் கவனிப்பது, இப்படி. துறைமுகமோ வணிகமோ சொந்த மக்களோ இருக்கும் ஊரில் உட்காருவார். தமிழில் கன்சலேட்டைத் 'துணைத் தூதரகம்' என்று எழுதி எழுதி, ஏதோ தூதருக்கு அசிஸ்டென்ட் என்ற எண்ணம் வந்துவிட்டது. வேலையே வேறு, சட்டமும் வேறு. தூதர்களுக்கு 1961இல் ஒரு வியன்னா உடன்படிக்கை, கன்சல்களுக்கு 1963இல் இன்னொன்று. இரண்டாவதில் இந்தியா சேர்ந்தது 1977இல்.

இன்னொரு குழப்பம், சென்னையில் பிரிட்டனும் இலங்கையும் வைத்திருப்பது 'துணை உயர் ஆணையம்'. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா எல்லாமும் காமன்வெல்த்தான், சென்னையில் அவர்கள் வைத்திருப்பது கன்சலேட் ஜெனரல். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் கவுன்டரில் நடக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே.

ஒரு நாடு தன் ஆளை நியமித்துவிட்டால் அவர் கன்சல்தானே? மற்றவர் ஒப்புதல் எதற்கு?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க்கேள்வி. கன்சலுக்கு இரண்டு காகிதம் வேண்டும். முதல் காகிதம் அனுப்பும் நாடு தருவது: இவர் பெயர் இது, பதவி இது, எந்த ஊரில் உட்காருவார், எந்தப் பகுதி இவர் பொறுப்பு என்று எழுதிய நியமனப் பத்திரம். அதை ஏற்கும் நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்புவார்கள். அவர்கள் பார்த்துவிட்டு 'சரி, இவர் வேலை செய்யலாம்' என்று ஒப்புதல் கொடுப்பது இரண்டாவது. அதற்கு எக்ஸெக்குவாட்டர் என்று பெயர். லத்தீனில் 'அவர் நிறைவேற்றட்டும்' என்று பொருள். தனிப் பத்திரமாகவும் வரும், முதல் பத்திரத்தின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டும் தரலாம். வடிவம் எதுவானாலும் பரவாயில்லை என்று உடன்படிக்கையே சொல்கிறது. அலுவலகத்தின் தலைவருக்குத்தான் இந்தப் பத்திரம். அவருக்குக் கீழே வரும் அதிகாரிகளின் பெயர்களை முன்கூட்டியே தெரிவித்தால் பொதுவாகப் போதும்.

பெண் வீட்டார் நிச்சயம் செய்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லலாம், மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றிக்கொள்ளாமல் அது நிச்சயம் ஆகுமா? அதே கணக்குதான். இரண்டாவது காகிதம் வராத வரை, முதல் காகிதத்தை வைத்திருப்பவர் ஏற்கும் நாட்டின் பார்வையில் சாதாரண வெளிநாட்டுக்காரர். பத்திரம் தயாராகத் தாமதமானால் தற்காலிக அனுமதி கொடுத்து வேலையைத் தொடங்க விடுவதும் உண்டு.

அப்படி ஏற்காமல் விட்ட கதை ஏதாவது?

நல்ல கதை ஒன்று நம் பக்கமே இருக்கிறது. 1792 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாய் என்ற பாஸ்டன் வணிகரைக் கல்கத்தாவுக்குக் கன்சலாக நியமித்தார். அமெரிக்கா என்ற நாடே அப்போது பால்மணம் மாறாத குழந்தை. ஜாய் கப்பலேறி 1794 ஏப்ரலில் கல்கத்தா வந்து சேர்ந்தார். கையில் வாஷிங்டன் கையெழுத்து. கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, கன்சலாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஊரை விட்டும் துரத்தவில்லை. வேண்டுமானால் வணிக ஏஜென்டாக இங்கே இருந்துகொள், ஆனால் எங்கள் சிவில், கிரிமினல் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவனாக இரு என்றது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். அங்கீகாரம் இல்லையென்றால் என்ன குறையும் என்பதைக் கம்பெனி ஒரே வரியில் சொல்லிவிட்டது. ஆள் அதே ஆள், கப்பல்களைக் கவனிக்கும் வேலை அதே வேலை, சட்டத்தின் முன் மட்டும் அவர் இன்னொரு வியாபாரி. அதே 1794இல் மெட்ராஸில் வில்லியம் அபாட் என்பவரை ஜாய் தன் ஏஜென்டாக வைத்தார். சென்னையில் அமெரிக்கக் கன்சல் வேலையின் தொடக்கம் என்று இன்றைக்கும் அந்த ஆண்டைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விசாவுக்கு ஃபைலோடு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால், அங்கீகாரமே கிடைக்காத ஒரு கன்சல் இருக்கிறார்.

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டாமா?

வேண்டாம். 1963 உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கலாமா?

தாராளமாக. 1856இல், பிரிட்டன் நடத்திய கிரிமியப் போருக்கு அமெரிக்க மண்ணில் ஆள் சேர்த்தார்கள் என்று நியூயார்க், பிலடெல்பியா, சின்சினாட்டி ஊர்களின் பிரிட்டிஷ் கன்சல்கள் மூன்று பேருடைய அங்கீகாரத்தையும் அமெரிக்கா பிடுங்கியது. ஆனால் படமாக எடுக்கலாம் போலிருப்பது 1948 விவகாரம்.

நியூயார்க்கில் சோவியத் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியை ஒக்ஸானா கசென்கினா. ஊர் திரும்பச் சொன்னதும், ரஷ்ய அகதிகள் நடத்திய ஒரு பண்ணையில் போய் ஒதுங்கினார். கன்சல் ஜெனரல் யாக்கோவ் லோமாகின் நேரே அங்கே போய் அவரைக் கன்சலேட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அவர் தன் விருப்பத்தோடுதான் வந்தார் என்பது சோவியத் தரப்பு. நீதிமன்றம் ஆட்கொணர்வு ஆணை அனுப்பியது. ஆகஸ்ட் 12 அன்று அந்த அம்மா மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டார். நடுவில் டெலிபோன் கம்பியில் பட்டு விழுந்ததால் உயிர் பிழைத்தார். அமெரிக்கா லோமாகினின் எக்ஸெக்குவாட்டரை ரத்து செய்தது. சோவியத் பக்கம் கோபத்தில் அமெரிக்காவிலிருந்த தன் கன்சலேட்டுகளை மூடி, விளாடிவாஸ்டாக்கிலிருந்த அமெரிக்கக் கன்சலேட்டையும் மூடச் சொன்னது. மறுபடி இரு நாடுகளும் கன்சலேட் திறந்தது 1970களில்தான்.

ஒரு ஆளை மட்டும் அனுப்பாமல் கடையையே மூடச் சொல்வதும் நடக்கும். 2020 ஜூலையில் ஹூஸ்டனில் இருந்த சீனக் கன்சலேட்டை 72 மணி நேரத்தில் மூடச் சொன்னது அமெரிக்கா. பதிலுக்குச் செங்டூவில் இருந்த அமெரிக்கக் கன்சலேட்டைச் சீனா மூடியது. எந்த ஊரில் கன்சலேட் இருக்கலாம் என்பதற்கும் ஏற்கும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்பதன் மறுபக்கம் இது.

ஊரில் யார் அரசு என்பதே தகராறாக இருந்தால்?

அங்கேதான் விஷயம் சூடாகும். ஏனென்றால் ஒரு அரசிடம் போய் 'எங்கள் கன்சலை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று மனு கொடுத்தாலே, அந்த அரசை நாம் அரசாக ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தம் வந்துவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தன. சார்ல்ஸ்டன், ரிச்மண்ட் போன்ற ஊர்களிலிருந்த பிரிட்டிஷ் கன்சல்கள் கையில் இருந்ததெல்லாம் வாஷிங்டன் கொடுத்த பழைய அங்கீகாரம். பிரிட்டன் தெற்கை நாடாக ஏற்கவில்லை, அதனால் புதிதாகக் கேட்கவும் இல்லை. சார்ல்ஸ்டன் கன்சல் ராபர்ட் பஞ்ச் தெற்கோடு ரகசியமாகப் பேசினார் என்று 1861இல் லிங்கன் அரசு அவர் அங்கீகாரத்தை ரத்து செய்தது. வேடிக்கை என்னவென்றால் சார்ல்ஸ்டன் லிங்கன் கையிலேயே இல்லை. ரத்து செய்த பிறகும் மனிதர் 1863 வரை அதே ஊரில்தான் இருந்தார். அப்புறம் தெற்குக்கும் பொறுமை போனது. எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு எதிரி கொடுத்த காகிதத்தைக் காட்டுகிறாயா என்று 1863 அக்டோபரில் மிச்சமிருந்த பிரிட்டிஷ் கன்சல்களை வெளியேறச் சொன்னார்கள். ஒருவர் காகிதம் கொடுத்து ஊர் இல்லாமல் இருந்தார், இன்னொருவர் ஊர் வைத்துக்கொண்டு காகிதம் கொடுக்க வழியில்லாமல் இருந்தார்.

இன்றைய உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. தைவானுக்கு இந்தியாவோடு முறையான தூதரக உறவு கிடையாது, ஆகவே கன்சலேட் வைக்க முடியாது. 2012இல் 'தைபே பொருளாதார கலாச்சார மையம்' என்ற பெயரில் சென்னையில் அலுவலகம் திறந்தார்கள். விசா வேலை நடக்கிறது, கம்பெனிக்காரர்கள் போய் வருகிறார்கள், 'கன்சல்' என்ற சொல் மட்டும் இல்லை. 2024 நவம்பரில் தாலிபான் தரப்பு மும்பை ஆப்கன் கன்சலேட்டுக்குத் தற்காலிகக் கன்சல் ஒருவரை நியமித்ததாக அறிவித்தபோதும் அங்கீகாரக் கேள்விதான் முதலில் எழுந்தது. அந்த அரசை இந்தியா அப்போது ஏற்றிருக்கவில்லை.

கன்சலின் அதிகாரம் எது வரைக்கும் செல்லும்?

அவருக்குக் குறித்துக் கொடுத்த பகுதி வரைக்கும். அதற்கு வெளியே வேலை செய்ய வேண்டுமென்றால் ஏற்கும் நாட்டின் சம்மதம் தனியாக வேண்டும். தமிழ்நாட்டுக்கான பிரெஞ்சுக் கன்சலேட் ஜெனரல் சென்னையில் இல்லை, புதுச்சேரியில் இருக்கிறது. பழைய பிரெஞ்சு ஆட்சியின் வாரிசாக பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கேதான் அதிகம். சொந்த மக்கள் எங்கேயோ அங்கே கன்சல். தலைநகருக்கு வெளியே யாழ்ப்பாணத்தில் இந்தியாவும் 2010இல் ஒரு துணைத் தூதரகம் திறந்தது.

கன்சலைக் கைது செய்யவே முடியாதா?

முடியும். தூதர் அளவுக்குக் கன்சலுக்குக் கவசம் கிடையாது. பதவி வேலையாகச் செய்த காரியத்துக்கு அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சொந்தக் காரியம் என்றால், கடுமையான குற்றமாக இருந்து நீதிமன்ற உத்தரவும் இருந்தால் விசாரணைக்கு முன்பே பிடித்து வைக்கலாம். கார் மோதி இழப்பீடு கேட்டால் அந்த வழக்கிலும் தப்பிக்க முடியாது.

தேவயானி கோப்ரகடே விவகாரம் நினைவிருக்கும். நியூயார்க்கில் இந்தியாவின் துணைக் கன்சல் ஜெனரல். வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினார் என்று 2013 டிசம்பர் 12 அன்று கைது செய்து, உடை களைந்து சோதனை போட்டார்கள். இந்தியா கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரக வாசலிலிருந்த தடுப்புகளை எடுத்தார்கள், அமெரிக்கக் கன்சலேட் அதிகாரிகளின் அடையாள அட்டைகளைத் திரும்பக் கேட்டார்கள். இது சொந்த வீட்டு விவகாரம், கன்சலுக்கு உள்ள பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்றது அமெரிக்கா. இந்தியா அவரை ஐ.நா.வுக்கான தூதுக்குழுவுக்கு மாற்றியது. அந்தப் பதவிக்கு முழுக் கவசம். 2014 ஜனவரி 8 அன்று அது கிடைத்தது, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டிய நாளில் அவருக்குக் கவசம் இருந்தது என்பதால் மார்ச் 12 அன்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி குற்றம் சாட்டினார்கள், அதற்குள் அவர் இந்தியாவில். குற்றம் நடந்ததா இல்லையா என்ற பேச்சே இந்தத் தேதிக் கணக்கில் காணாமல் போய்விட்டது.

கன்சலேட் கட்டடம் அந்த நாட்டு மண்ணா?

இல்லவே இல்லை. சினிமாவில்தான் அப்படி. நிலம் இந்திய மண், சட்டமும் இந்தியச் சட்டம். கன்சல் வேலைக்கென்றே பயன்படும் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் போலீஸ் நுழையக் கூடாது, அவ்வளவுதான். தீப்பிடித்தால் அந்த அனுமதி இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். உள்ளே குழந்தை பிறந்தது என்பதற்காக அந்த நாட்டுக் குடியுரிமையும் வராது.

கௌரவ கன்சல் என்பவர் யார்? பக்கத்துத் தெரு தொழிலதிபர் வீட்டில் அந்தப் போர்டு இருக்கிறதே!

பெரும்பாலும் உள்ளூர்க்காரர், இந்தியக் குடிமகன், சொந்தத் தொழில் உள்ளவர். முழுநேர அலுவலகம் நடத்த வசதியோ தேவையோ இல்லாத நாடு இப்படி ஒருவரை வைத்துக்கொள்ளும். இவருக்கும் இந்திய அரசின் ஒப்புதல் வேண்டும், இந்தியக் குடிமகன் என்பதால் அதற்குத் தனிச் சம்மதமும் வேண்டும். அவர் கன்சல் வேலையாகச் செய்ததற்கு மட்டும் பாதுகாப்பு. அந்த நாட்டுக் கோப்புகளைத் தனியாக வைத்திருந்தால் அவற்றைத் தொட முடியாது. அவருடைய ஃபேக்டரி, வருமான வரி, பங்காளிச் சண்டை எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போல ஒருவரே. போர்டைப் பார்த்து மிரள வேண்டாம்.

வெளிநாட்டுச் சிறையில் மாட்டினால் நம் கன்சல் வந்து எடுத்துவிடுவாரா?

எடுக்க முடியாது, பார்க்க முடியும். ராமேஸ்வரத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் அடைபட்டால், போய்ப் பார்ப்பது அங்குள்ள இந்தியத் துணைத் தூதரக ஆட்கள். பேசலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். நீதிபதியின் தீர்ப்பில் அவர்களுக்கு வேலையில்லை.

இந்தச் சின்ன உரிமையும் லேசுப்பட்டதல்ல. பிடித்தவரிடம் 'உன் கன்சலுக்குச் சொல்லட்டுமா' என்று தாமதமின்றிக் கேட்க வேண்டும் என்கிறது அதே 1963 உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்த நாடு இதை மீறியது என்று 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் 15க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. உளவாளி என்று சந்தேகப்பட்டாலும் இந்த உரிமை போகாது என்றும் சொன்னது. ஆனால் விடுதலை செய்யச் சொல்லவில்லை, தண்டனையை மறுஆய்வு செய்யத்தான் சொன்னது.

கன்சல் கல்யாணம் செய்து வைப்பாராமே?

ஆமாம். 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி, திருமண அதிகாரியாக நியமிக்கப்பட்ட இந்தியத் தூதரக அல்லது கன்சல் அதிகாரி முன் கல்யாணம் செய்யலாம். இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும், முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மேளம் கிடையாது.

ஒருவர் 'நான் இந்த நாட்டுக் கன்சல்' என்றால் எப்படிச் சரிபார்ப்பது?

அவர் காட்டும் எதையும் பார்க்காதீர்கள். கொடி, முத்திரை, நீல நம்பர் பிளேட், தலைவர்களோடு போட்டோ எல்லாம் கடையில் கிடைக்கும், காசியாபாத்தில் அதுதான் கிடைத்தது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது, இரண்டாவது காகிதத்தைத் தேடுங்கள். அதிகாரிகளே ஏமாறுவதும் உண்டு. 2023இல் அமெரிக்காவின் நூவர்க் நகரம் நம் திருவண்ணாமலைக்காரர் நித்யானந்தா தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் 'கைலாசா'வோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவே வேளாண் அமைச்சகத்தின் உயரதிகாரி ஒருவர் அவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டுப் பதவியை இழந்தார். அப்படி ஒரு நாடு உண்டா என்று ஒரு போன் போட்டிருக்கலாம்.

கடைசியாக, எல்லோரும் கேட்பது: வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பும் பவர் பத்திரம் இங்கே செல்லுமா?

செல்லும். இந்தியாவில் ஒரு நோட்டரி செய்யும் வேலையை வெளிநாட்டில் இந்தியக் கன்சல் செய்யலாம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவர், நோட்டரி அல்லது இந்தியக் கன்சல் முன்னால் கையெழுத்திட்டு அவர் சான்றளித்த பவரைப் பத்திரப் பதிவுக்கு ஏற்கலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆவது பிரிவும் சொல்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கன்சல் முத்திரை வேறு, முத்திரைத் தீர்வை வேறு.

எங்கள் பெரியப்பா வீட்டில் துபாயிலிருந்து பவர் வந்தது வைகாசியில். கன்சலேட்டின் புடைப்பு முத்திரை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, எல்லாம் பக்கா. ஆடி முடியட்டும் என்று பீரோவில் வைத்தார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தம் சரிப்படவில்லை, அடுத்ததைப் பார்த்தார்கள். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து முத்திரையைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு கூரியர் கவரைக் கேட்டார். கவரில் இருந்த தேதியை விரல்விட்டு எண்ணினார். அண்ணன் மறுபடி ஒரு நாள் லீவு போட்டுக் கன்சலேட்டுக்குப் போனார்.